காவிரிக் கரையில் தூண்டில்

மேட்டூரிலிருந்து பவானிக்குப் போகும் சாலையில் நெரிஞ்சிப்பேட்டை என்று ஓர் ஊர். அங்கே காவிரியை ஒட்டிய தென்னந்தோப்பில் எங்கள் குடும்பத்தாருக்கு ஓடு வேய்ந்த சிறு வீடு ஒன்று உண்டு. வீடு என்பது மரியாதைக்காகத்தான். ஒரு திண்ணை, ஓர் அறை, ஒரு சமையல் தாழ்வாரம், அவ்வளவே. விடுமுறை வந்துவிட்டால் குழந்தை குட்டிகளுடன் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவோம். எதிர்க்கரையில் பூலாம்பட்டி, இரண்டு ஊர்களுக்கும் நடுவே படகு போய் வந்துகொண்டே இருக்கும். இத்தகைய இடத்தில் தூண்டில் போடாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்க எவரால் முடியும்? சைவ நேயர்கள் மன்னிப்பார்களாக!

எங்கள் சாதனங்கள் வெகு சாமானியமானவை. மூங்கில் கழி, நரம்பு, முள், தக்கைக்கு மயில் இறகின் தண்டு. இரைக்கு மண்புழு அல்லது கேழ்வரகுக் களி உருண்டை. தக்கை அசைகிற விதத்தைக் கொண்டே, கீழே வந்திருப்பது யாரென்று ஊர்ப் பையன்கள் சொல்லிவிடுகிறார்கள். கொத்திக் கொத்தி விளையாடினால் சில்லறைக் கெண்டை. ஒரே இழுப்பாய் அமிழ்ந்தால் கெளுத்தி. கெளுத்தியை முள்ளிலிருந்து கழற்றுவது தனி வித்தை. அதன் முதுகிலும் இரு பக்கத் துடுப்புகளிலும் ஈட்டி போன்ற முட்கள் உண்டு. குத்திவிட்டால் கை மணிக்கணக்கில் கடுக்கும்.

அதிகமாக அகப்படுவது ஜிலேபிக் கெண்டை. பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம்; இதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்கும். தேங்கிய ஜலத்தில் இதனுடன் போட்டியிடக்கூடிய மீன் சொற்பம்.

ஜலம் தேங்கிவிட்டதுதான் இங்கே விஷயம். 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. பின்னாளில் அணைக்குக் கீழே மின்சாரத்துக்காக வரிசையாகக் கதவணைகள் எழுந்தன. அவற்றில் ஒன்று இந்த ஊரிலேயே இருக்கிறது. ஆறு ஏரியைப் போலாகிவிட்டது. படகுக்கும் பம்பு செட்டுக்கும் இதனால் பெரிய ஸௌகரியம். அதை நாங்கள் மறுக்கவில்லை.

"தண்ணி நின்னு போச்சுங்க. ஓட்டம் இருந்தாத்தானுங்களே பெரிய மீன் ஏறி வரும்?" என்றார் எங்களைப் பரிசலில் ஏற்றிச் சென்ற முதியவர்.

அவர் சொன்ன பெரிய மீன், வெள்ளைக்காரர்கள் 'மகசீர்' என்ற வடநாட்டுப் பெயரால் கொண்டாடிய ராட்சதக் கெண்டை. சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த எச். எஸ். தாமஸ், இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873-லேயே ஒரு புத்தகம் எழுதி, அதில் இந்த மீனைப் புகழ்ந்திருக்கிறார். 1946-ல் மைசூர் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கபினியில் பிடித்தது 120 ராத்தல்! இத்தனை பேர் துரத்தியும், காவிரியின் கூன்முதுகு மகசீருக்குச் சாஸ்திரீயப் பெயர் இன்னதென்று 2018 வரையில் நிச்சயமாகவில்லை. அமராவதியில் சேரும் பாம்பாற்றில் கண்டெடுத்து, ரெமாதேவி என்ற விஞ்ஞானியின் பெயரை 2007-ல் சூட்டியிருந்தார்களே, அந்த மீனும் இதுவும் ஒன்றே என்று அப்போதுதான் தெளிந்தது. பெயர் நிச்சயமான அதே ஆண்டில், அடியோடு அழியும் அபாயத்திலுள்ள ஜீவன்களின் பட்டியலிலும் அது சேர்ந்தது.

பரிசல்காரர் வெற்றிலைப் பையிலிருந்து ஒரு செதிலை எடுத்துக் காட்டினார். உள்ளங்கை அகலம், மஞ்சளோடிப் போயிருந்தது. அவருடைய பாட்டனார் பிடித்த மீனுடையதாம். அந்த ஜாதி இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டார். மோயாற்றில் இன்னும் இருக்கிறது என்றோம்.

"மோயாறு பவானியிலதானுங்களே சேருது? பவானி நம்ம காவேரியில. அப்போ வெள்ளத்துல வரலாமில்லீங்க?"

வழியில் 1955-ல் முடிந்த பவானிசாகர் அணை நிற்கிறது. அதைத் தாண்டினால் கொடிவேரி அணைக்கட்டு. கூடுதுறையில் காவிரியைப் பிடித்து மேலே திரும்பினால், ஊராட்சிக்கோட்டை முதல் இந்த ஊர் வரையில் கதவணைகள். நாங்கள் சொல்லச் சொல்ல விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தவர், செதிலைத் துண்டால் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"தக்கையைப் பாருங்க, முழுகிப் போச்சு" என்றார்.

இழுத்தோம். ஜிலேபிக் கெண்டை.