கொஞ்சம் ஆறட்டும்

அப்பாவின் 14 அடி பைபர் படகு ஐந்து வருடமாக ரம்புத்தான் மரத்தடியில் டிரெய்லரோடு கிடந்தது. ஸ்ட்ரோக் வந்து அவருக்குப் பேச்சு போன பிறகு யாரும் தொடவில்லை. ‘வித்துடலாம்ணே’ என்றான் தம்பி. அவன் சொன்னதிலும் தப்பில்லை. மருந்துச் செலவு அவன் தலையிலும்தான் இருந்தது. நான் கேட்கவில்லை.

கழுவிச் சாயம் அடித்தால் போதும் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா கைத்தடியை நீட்டிப் பக்கவாட்டில் தட்டினார். ‘டங்’கென்றது. எஞ்சின் மாட்டும் பின்பலகையில் தட்டினார். ‘சொத்’தென்றது. மறுபடியும் அங்கேயே தட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

பின்பலகைக்குள் இருப்பது பிளைவுட். திருகாணி ஓட்டை வழியே தண்ணீர் இறங்கினால், வெளியே பைபர் பளபளவென்றிருக்க உள்ளே மரம் மக்கிவிடும். அறுத்துப் பார்த்தேன். ஈரத் தேயிலைத்தூள் மாதிரி கையோடு வந்தது. அப்படியே எஞ்சினை மாட்டிக்கொண்டு கடலுக்குப் போயிருந்தால்... வேண்டாம். புதுப் பலகை வைத்து ரெசின் பூசினேன். ஹார்டனர் கொஞ்சம் கூடினாலும் நம்ம ஊர் வெயிலுக்கு டப்பாவிலேயே இறுகிவிடுகிறது. இரண்டு டப்பா அப்படிப் போனது.

டிரெய்லர் இன்னும் மோசம். சட்டத்தின் இரும்புக் குழாய் உள்ளிருந்தே துருப்பிடித்திருந்தது. புதிதாகப் பற்றவைத்தேன். பேரிங்கும் போயிருந்தது. ஓடிவந்த சூட்டோடு சக்கரத்தைக் கடலில் இறக்கினால், ஹப் சட்டென்று குளிர்ந்து உப்புத்தண்ணியை உள்ளே இழுத்துக்கொள்ளும். ‘கொஞ்சம் ஆறட்டும்டா’ என்று லுமுட் கரையில் அப்பா எங்களை நிறுத்திவைப்பார். சிகரெட் பிடிக்கச் சாக்கு என்று நாங்கள் சிரிப்போம்.

போன சனிக்கிழமை அதே கரை. காரை ரிவர்ஸ் எடுத்தேன். முன்சீட்டிலிருந்து அப்பா கையைத் தூக்கினார். காரை அணைத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.