கிரிக்கெட் கேமும் ஒன்பது புள்ளிகளும்

கிரிக்கெட் வீடியோ கேம் ஆடுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. பேட்டிங் வந்தால் மட்டும் உட்கார்ந்து விளாசிவிட்டு, பவுலிங் வந்ததும் பக்கத்தில் இருப்பவனிடம் கீபோர்டைத் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் முதல் வகை. முக்கால்வாசிப் பேர் இவர்கள்தான். இரண்டாவது வகை அபூர்வம். ஃபீல்டிங் செட் பண்ணுவதற்காகவே கேம் ஆடுகிறவர்கள்!

மகாராஜபுரத்துப் பையன் ஒருவன் இந்த இரண்டாவது வகை.

மகாராஜபுரம் தெரியாதவர்களுக்கு: விருதுநகர் மாவட்டம், வத்திராயிருப்புப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். சதுரகிரிக்குப் போனவர்கள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். தென்னந்தோப்பு, மாந்தோப்பு, கண்மாய், பின்னால் மலை. 2008-ல் அவன் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தான். வத்திராயிருப்பில் ஒரு பிரவுசிங் சென்டர். மணிக்கு 20 ரூபாய். அங்கே இருந்த நான்கு கம்ப்யூட்டர்களிலும் ஈ.ஏ. ஸ்போர்ட்ஸின் 'கிரிக்கெட் 07' ஏற்றி வைத்திருந்தார்கள்.

2006 நவம்பரில் வெளிவந்த கேம் அது. உருவாக்கியது ஹெச்.பி. ஸ்டூடியோஸ், கனடாவில் நோவா ஸ்கோஷியா மாகாணத்துக் கம்பெனி. (கனடாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடாது.) உரிமம் வாங்காததால் இந்திய வீரர்களின் நிஜப் பெயர்கள் அதில் கிடையாது, எல்லாம் கொஞ்சம் திரிந்த பெயர்கள். பிறகு ரசிகர்களே 'பேட்ச்' போட்டுப் பெயர்களையும் சட்டைகளையும் சரிசெய்துகொண்டார்கள். அந்தப் புண்ணியத்தில் பதினைந்து வருஷம் கழித்தும் அதை ஆடுகிறவர்கள் இருந்தார்கள்.

நம்ம பையனுக்குப் பெயர்கள் முக்கியம் இல்லை. அவன் கண் முழுக்க ஃபீல்டர்களின் புள்ளிகள் மேல்தான். பவுலரும் கீப்பரும் போக ஒன்பது பேர். தாக்குதல் ஃபீல்டிங் போட்டால் ஸ்லிப்பில் ஆள் கூடும், தற்காப்பு போட்டால் எல்லைக்கோட்டுக்கு ஆள் ஓடும். ஒன்பது பேரை வைத்து முழு மைதானத்தையும் மூட முடியாது. எங்கேயாவது ஓட்டை இருக்கும். எந்த ஓட்டையை விடுவது என்பதுதான் கேப்டனின் வேலை. இதை அவன் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, 20 ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்டான்.

விதிகளும் அப்படித்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. டி20-யில் முதல் 6 ஓவருக்கு 30 கஜ வட்டத்துக்கு வெளியே இரண்டு பேர்தான் நிற்கலாம். லெக் பக்கம் கிரீஸுக்குப் பின்னால் கீப்பரைத் தவிர இரண்டு பேருக்கு மேல் நிற்கக்கூடாது. இந்த இரண்டாவது விதிக்குப் பின்னால் 1932-33 பாடிலைன் தொடரின் கதை இருக்கிறது. லெக் பக்கம் ஆட்களைக் குவித்து உடம்பைக் குறிவைத்துப் பந்து வீசினார்கள், அதன் சூடு ஆறாமல் 1957-ல் விதியே வந்தது. ஆள் நிற்கும் இடம் எல்லா ஆட்டத்திலும் சண்டையைக் கிளப்பும் விஷயம்தான் போல. அமெரிக்காவில் பேஸ்பால் அணிகள் கம்ப்யூட்டர் கணக்கைப் பார்த்து, பேட்ஸ்மேன் எந்தப் பக்கம் அடிப்பான் என்று ஃபீல்டர்களை ஒரே பக்கமாக நகர்த்த ஆரம்பித்தன. நிஜ ஆட்டத்தையே வீடியோ கேம் மாதிரி ஆடினார்கள்! கடைசியில் 2023-ல் மேஜர் லீக், இரண்டாம் பேஸின் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு இன்ஃபீல்டர்கள் நிற்க வேண்டும் என்று விதி போட்டுவிட்டது.

சரி, ஊருக்கு வருவோம்.

ஊர் மைதானத்தில் ஸ்லிப், கல்லி, பாயிண்ட் எதுவும் கிடையாது. "லெக்குல நில்லு", "பவுண்டரிக்குப் போ", "கீப்பர் பின்னாடி நில்லு". அவ்வளவுதான் ஃபீல்டிங். யார் எங்கே என்பதற்குத் தனிக் கணக்கு. பேட் கொண்டுவந்தவன் ஓடத் தேவையில்லாத இடத்தில் நிற்பான். சின்னப் பையன் கருவேலஞ்செடிப் பக்கம், ஏனென்றால் முள்ளுக்குள் போய்ப் பந்து எடுக்க அவனைத்தான் விரட்ட முடியும். ஒப்புக்குச் சப்பாணிகள் கண்மாய்க் கரையில்.

2009 பொங்கலுக்கு டென்னிஸ் பால் டோர்னமெண்ட். 8 ஓவர் மேட்ச். கேப்டனாக இருந்த அண்ணன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதால் கேப்டன் பதவி இவனுக்கு வந்தது. கேட்கவா வேண்டும்?

முதல் ஓவரிலேயே ஆஃப் பக்கம் ஏழு பேரை நிறுத்தினான். கேமில் கர்சரை வைத்த இடத்தில் பந்து விழும், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போட்டுக்கொண்டே இருக்கலாம். ஊர்ப் பவுலர் கையில் கர்சர் ஏது? மேலும் டென்னிஸ் பாலில் நம்ம ஊர் ஆட்கள் எந்தப் பந்தையும் லெக் பக்கம்தான் சுழற்றுவார்கள். முதல் ஓவரில் 17 ரன். இரண்டாவது ஓவரிலேயே ஆட்களைப் பிரித்துப் போட்டான் (புத்திசாலிதான்). மேட்சும் கைக்கு வந்தது.

கடைசி ஓவர், 11 ரன் வேண்டும். டீப் மிட்விக்கெட்டில் பெரிய ஓட்டை. அணியிலேயே வேகமாக ஓடுகிறவன் அவன் நண்பன், ஒரே பெஞ்ச். அவனை அங்கே போட்டான். எந்த கேமில் பார்த்தாலும் சரியான முடிவு.

மிட்விக்கெட் பக்கம் ஒரு தோப்பு. வேலி ரொம்பக் கிட்டே இருப்பதால் அந்தப் பக்கம் மட்டும் பவுண்டரி கிடையாது, பந்து உள்ளே போனாலும் ஓடித்தான் எடுக்க வேண்டும். மூன்றாவது பந்தை அடித்தார்கள். உருண்டு, வேலிக்கு அடியில் புகுந்து, உள்ளே ஒரு தென்னை மூட்டில் போய் நின்றது. வெளியிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. நண்பன் பறந்து வந்தான். வேலியோரம் வந்ததும் நின்றுவிட்டான்.

"உள்ள போடா! டேய், உள்ள போ!"

போகவில்லை. அவர்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் கீப்பர்தான் கிளவுஸோடு ஓடிப்போய் வேலியைத் தாண்டி எடுத்தான். அது அவன் சித்தப்பா தோப்பு. அதற்குள் ஆறு ரன். மேட்ச் போய்விட்டது.

எல்லோரும் திட்டித் தீர்த்த பிறகு, சைக்கிள் எடுக்கும்போது நண்பன் சொன்னான்: "போன வாரம் பந்து எடுக்க உள்ள போனேன். தேங்கா பெறக்க வந்தியான்னாரு. எந்தத் தெருன்னு கேட்டாரு."

கேப்டன் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வருஷமாக அதே மைதானத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஆடுகிறார்கள். தோப்புப் பக்கம் இதற்கு முன்னால் எப்போதும் யார் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்று அவன் ஒரு நாளும் யோசித்ததில்லை.

கேம்கள் அதற்குப் பிறகு எவ்வளவோ முன்னேறிவிட்டன. 2014-ல் ஆஸ்திரேலியாவின் பிக் ஆன்ட் கம்பெனி 'டான் பிராட்மேன் கிரிக்கெட் 14' கொண்டுவந்தது, ஒரே ஆட்டக்காரனாக இருந்து அவன் வாழ்க்கை முழுவதையும் ஆடலாம். சென்னையின் நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா 'வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்' வரிசையை செல்போனுக்கே கொண்டுவந்தது, மூன்றாவது பாகம் 2020-ல் வந்தது. புல் நிஜப் புல் மாதிரி இருக்கிறது, சட்டையில் அழுக்குகூடத் தெரிகிறது. ஆனால் கோட்டைத் தாண்டிய பந்தை யார் போய் எடுத்துவருகிறார்கள்? அடுத்த நொடி பவுலர் கையில் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஷார்ட் லெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டுக்கு நாலடியில் குனிந்து நிற்கிற இடம். 1971 ஓவல் டெஸ்டின் இரண்டாவது இன்னிங்ஸில் நம்ம சென்னை வெங்கட்ராகவன் பந்தில் ஆலன் நாட் அடித்ததை ஏக்நாத் சோல்கர் அங்கே பாய்ந்து பிடித்தார். ஹெல்மெட் இல்லாத காலம். 27 டெஸ்டில் 53 கேட்ச். இங்கிலாந்தில் இந்தியா ஜெயித்த முதல் டெஸ்ட் அதுதான். சந்திரசேகரின் 6 விக்கெட்டைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், பேசவும் வேண்டும். ஆனால் வடேகர் அந்த இடத்தில் வைத்தது ஒரு புள்ளியை இல்லை, சோல்கரை.

2010 பொங்கல். மேட்சுக்கு முந்தின நாள் ராத்திரி கேப்டன் கோடு போட்ட நோட்டில் வட்டம் வரைந்தான். இந்தத் தடவை புள்ளிகள் இல்லை, பெயர்கள். தோப்புப் பக்கம் கீப்பரின் சித்தப்பா பையன். கேட்ச் எல்லாம் பிடிக்கமாட்டான், ஆனால் பந்தைக் கொண்டுவந்துவிடுவான். நண்பனைக் கண்மாய்ப் பக்கம் கவரில் போட்டான்.

காலையில் நண்பன் அந்தப் பேப்பரைப் பார்த்தான்.

"என்னைய ஏன்டா மாத்துன?"

"இல்லடா... அந்தப் பக்கம் உனக்கு..."

"எனக்கு என்ன?"

பதில் வரவில்லை. நண்பன் பேப்பரை மடித்து அவன் சட்டைப்பையில் வைத்தான். "தோப்புப் பக்கமே நிக்கேன். பந்து உள்ள போனா நான் எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு நடந்து போய், வேலிக்குப் பத்தடி முன்னால் நின்றுகொண்டான்.

எட்டு ஓவரும் முடிந்தது. அன்றைக்கு ஒரு பந்துகூட அந்தப் பக்கம் போகவில்லை.