கிரவுண்ட் ஃப்ளோர் மாமியும் ஒரு சிறுபாலமும்

ஆளையே காணோமே என்று கேட்டவர்களுக்கு: மார்ச் முடிந்தது, ஆண்டுக் கணக்கு முடிந்தது, ஆடிட்டர்களும் மூட்டை கட்டிவிட்டார்கள். இந்த முறை வட்டி விகிதமும் கிடையாது, வீட்டுக் கடனும் கிடையாது. சாக்கடை. சரி சரி, மூக்கைப் பொத்தாதீர்கள், மழைநீர் வாய்க்கால்!

மும்பையிலிருந்து மத்திய ரயில்வே தடத்தில் கொஞ்சம் தள்ளி இருக்கிறது எங்கள் புறநகர். (ஊர்ப் பெயர் வேண்டாமே. வார்டு ஆபீஸுக்கு இன்னும் நாலு நடை பாக்கி.) நாலு விங், எண்பது வீடு, அதில் நம்மாட்கள் பதினொரு குடும்பம். காம்பவுண்டை ஒட்டி மூன்றடி அகல வாய்க்கால். ஜூலையில் இரண்டு மணி நேரம் விடாமல் அடித்தால் ஏ விங் கிரவுண்ட் ஃப்ளோருக்குள் தண்ணீர் வந்துவிடும். அங்கே இருக்கும் பாலக்காட்டு மாமிக்கு 78 வயது, தனியாள். ஜூன் பிறந்தால் ஃப்ரிட்ஜ் செங்கல் மேல் ஏறும், அரிசி டப்பா பரணுக்குப் போகும்.

இந்தப் பக்கம் யாரிடம் வாய்க்கால் என்றாலும் 2005 ஜூலை 26க்குப் போய்விடுவார்கள். அன்று 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர், அதே நாளில் கொலாபாவில் 73 மட்டும்தான். மும்பையின் பழைய வாய்க்கால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைக் கணக்கில் வைத்துக் கட்டியவை, அதுவும் கடல் வற்றியிருக்கும் நேரத்தில். ஓதம் ஏறினால் வடியாது. அதை 50 ஆக்க வேண்டும் என்று 1993லேயே பிரிம்ஸ்டோவாட் அறிக்கை வந்துவிட்டது. வேகம் பிடித்தது 2005க்குப் பிறகுதான்.

25 என்றால் எவ்வளவு? பி.காம் மூளைக்குப் புரிகிற மாதிரி போட்டுப் பார்த்தேன். ஒரு ஏக்கரில் 25 மில்லிமீட்டர் விழுந்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் லாரி பத்து. 50 என்றால் இருபது. ஒரு மணி நேரத்தில், ஒரே ஏக்கரில்! மண் தரையாக இருந்தபோது பாதியாவது உள்ளே இறங்கியிருக்கும். இப்போது எல்லாம் பேவர் பிளாக்.

செப்டம்பர் ஏஜிஎம்மில் ஒரு தீர்மானம் வந்தது. வாய்க்காலை ஐந்தடியாக அகலப்படுத்தி, மேலே ஸ்லாப் போட்டு மூடச் சொல்லி மனு கொடுப்பது. அகலம் மாமிக்காக. ஸ்லாப் எதற்கு? மேலே கார் நிறுத்தலாமாம். மூடிய வாய்க்காலில் தூர் வாருவது எப்படி என்று கேட்டேன். பதில் இல்லை, ட்ரெஷரர் என்றால் முட்டுக்கட்டை என்று ஒரு முணுமுணுப்பு மட்டும் வந்தது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை ஜூனியர் இன்ஜினியரோடு வாய்க்கால் போகும் வழியே நடந்தேன். நல்ல பையன், நாந்தேட் பக்கம். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். அறுநூறு அடி தள்ளி ரோட்டுக்கு அடியில் சிறுபாலம். உள்ளே 600 மில்லிமீட்டர் குழாய் இரண்டு. ஒன்றில் முக்கால்வாசி மண். வாயிலேயே குறுக்காக ஒரு குடிநீர்க் குழாய், அதில் மாட்டிய பிளாஸ்டிக், தேங்காய் மட்டை, ஒரு குடை. "உங்கள் வாய்க்கால் சின்னது என்று யார் சொன்னது? இதுதான் அடைப்பு" என்றார். இன்னொன்றும் சொன்னார்: சரிவு ஒன்றாக இருந்தால் குழாயின் விட்டம் ஒன்றரை மடங்கானாலே போகிற தண்ணீர் ஏறக்குறைய மூன்று மடங்காகும். ஒன்பது லட்சம் கட்டி வாய்க்காலை அகலப்படுத்தினாலும் இந்த இரண்டு ஓட்டையின் வாயில்தான் வந்து நிற்கும்.

அது நிற்கும் இடத்தில் ஒரு சால். முப்பது குடித்தனம் இருக்கும். காலையில் சைக்கிளில் இட்லி கொண்டு வரும் அண்ணாச்சிக்கும் அங்கேதான் வீடு. ராதாபுரம் பக்கத்துக்காரர். என்னைப் பார்த்ததும் வெளியே வந்தார்.

"என்ன சார், வாய்க்கால பெருசாக்கப் போறீயளாமே?"

"ஆமா அண்ணாச்சி, ஏ விங்ல தண்ணி ஏறுது."

"இப்பவே எங்களுக்கு முட்டுக்கு நிக்கி. உங்க தண்ணிய வேகமா அனுப்புதீய, சரி. அது எங்க போய் நிக்கும்?"

ராத்திரி பத்து மணிக்கு அரைத்து வைக்கும் மாவு, தரையில் இருக்கும் கிரைண்டர். அவர் கேட்டது நியாயம்.

இந்த ஆண்டு நிதி ஒரு வேலைக்குத்தான், எது முதலில் என்று எழுதிக் கொடுங்கள் என்றார் இன்ஜினியர். கூட்டம் போட்டோம். காரசாரம். "நாம வரி கட்டறோம், அவங்க?" என்றுகூட ஒருவர் கேட்டார் (அவரும் தினம் அண்ணாச்சி இட்லிதான் சாப்பிடுகிறார்). கடைசியில் மாமியைக் கேட்டோம். மூழ்குவது அவர் வீடுதானே.

"செங்கல் இருக்கு. அடுத்த வருஷம் நம்ம பக்கம் பண்ணுவேளோன்னோ? அதை மினிட்ஸ்ல எழுதுங்கோ."

எழுதினோம். சிறுபாலம் முதலில் என்று 43க்கு 19 வாக்கில் முடிவானது.

குழாய்களை எடுத்துவிட்டுக் கான்கிரீட் பெட்டியாகக் கட்டி, குறுக்கே இருந்த குடிநீர்க் குழாயையும் மேலே தூக்கி, ஏப்ரல் கடைசியில் முடித்தார்கள். தூர் வாரிய மண்ணை மூன்றாம் நாளே லாரியில் அள்ளிப் போனார்கள். அண்ணாச்சியும் நானும் நின்று லோடு எண்ணினோம். தொழில் புத்தி! எடைக்குப் பணம் என்றால் எண்ணத்தான் வேண்டும். மித்தி ஆற்றில் தூர் வாரியதில் சுமார் 65 கோடி ரூபாய் மோசடி என்று 2025 மே மாதம் மும்பை போலீஸ் வழக்குப் போட்டது நினைவிருக்கும்.

நடுவில் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. ஜனவரியில் ஒரு சொட்டு மழை இல்லை, ஆனால் வாய்க்கால் ஓடுகிறது. பார்த்தால் டி விங் சமையலறைத் தண்ணீர் நேராக மழைநீர் வாய்க்காலில் விழுகிறது, பில்டர் காலத்து இணைப்பு. எண்ணெய்ப் பிசுக்கில் மண் ஒட்டி இறுகிப்போகும் என்றார் இன்ஜினியர். அதைப் பாதாளச் சாக்கடைக்கு மாற்றுவது எங்கள் செலவு.

எங்கள் பக்க அகலப்படுத்தல் மழைக்காலம் கழிந்து அக்டோபருக்கு மேல்தான். ஸ்லாப் கிடையாது, தூக்கி எடுக்கக்கூடிய மூடிகள். மாமி செங்கலை இறக்கவில்லை. டி விங் குழாய்க்கு வீட்டுக்கு 4,200 ரூபாய். மூன்று வீடு இன்னும் தரவில்லை, அதில் இரண்டு நம்மாட்கள். ஞாயிற்றுக்கிழமை போய் மணியடிக்க வேண்டும்.