மொட்டை மாடியும் தெற்கு வானமும்

வானத்தைப் படமெடுக்கக் கிளம்புகிறவர்களின் முதல் ஆசை பெரும்பாலும் நெபுலாதான். சிவப்பும் நீலமுமாகப் புகைந்து கிடக்கும் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் கடன் வாங்கியாவது டெலஸ்கோப் வாங்குகிறார்கள். மதுரை மாதிரி ஊரில் மொட்டை மாடியில் நின்று எடுப்பவர்களுக்கு நான் சொல்வது வேறு. நெபுலாவை விடுங்கள், நட்சத்திரக் கொத்துகளைப் பிடியுங்கள்.

நெபுலாவின் வெளிச்சம் பரந்து கிடப்பது. தெருவிளக்கும் கடைவீதியும் திருவிழா சீரியல் பல்புகளும் சேர்ந்து வானத்தில் பூசிவைத்திருக்கும் வெளிச்சத்தில் அது கரைந்துபோகும். நட்சத்திரம் புள்ளி. தன் வெளிச்சத்தை எல்லாம் சென்சாரின் சில பிக்சல்களுக்குள்ளேயே கொட்டிவிடும். பின்னணி சாம்பல் பூத்திருந்தாலும் புள்ளி எழுந்து நிற்கும். சாம்பலை அப்புறம் கணினியில் கழித்துக்கொள்ளலாம். நெபுலாக்காரர்கள் வாங்கும் விலை கூடிய ஃபில்டர்களும் இதற்கு வேண்டாம். அவை நட்சத்திரத்தின் இயல்பான நிறத்தைக் கெடுத்துவிடும்.

நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. பூமி ஒரு நிமிடத்துக்குக் கால் டிகிரி சுழல்கிறது. அந்தச் சுழற்சிக்கு ஈடுகொடுத்து டெலஸ்கோப்பைத் திருப்பும் மவுண்டின் அச்சு வானத்தின் வட துருவத்தை நோக்கி இருக்க வேண்டும். துருவ நட்சத்திரத்தைப் பார்த்து அச்சைச் சரிசெய் என்கின்றன ஐரோப்பியக் கையேடுகள். மதுரையில் அது அடிவானத்திலிருந்து பத்து டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. எங்கள் மாடியில் அந்த இடத்தைப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எடுத்துக்கொண்டது. நல்லவேளையாக, வானத்தின் வேறொரு பகுதியைப் படமெடுத்து அதிலிருந்தே அச்சின் பிசகைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள்கள் இப்போது இலவசமாகவே கிடைக்கின்றன. துருவ நட்சத்திரத்தைப் பார்க்காமலேயே வேலை முடிகிறது.

அடுத்தது ஃபோகஸ். கொத்துப் படத்தில் மறைத்துக்கொள்ள எதுவும் இல்லை; ஃபோகஸ் மயிரிழை தப்பினாலும் நூறு நட்சத்திரமும் சேர்ந்து உப்பிவிடும். இதற்கு பாட்டினோவ் மாஸ்க் என்று வரிவரியாக வெட்டிய ஒரு தட்டு உண்டு. அதை டெலஸ்கோப்பின் வாயில் மாட்டி, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கினால் மூன்று ஒளிக்கோடுகள் தெரியும். இரண்டு பெருக்கல் குறிபோல் குறுக்கே வெட்டிக்கொள்ளும். மூன்றாவது அவற்றுக்கு நடுவே இப்படியும் அப்படியும் நகரும். ஃபோகஸ் திருகை நூலளவு தொட்டுத் தொட்டு, அந்த மூன்றாவது கோட்டை மிகச் சரியாக வெட்டும் புள்ளிக்குக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்த பிறகு மாஸ்க்கைக் கழற்ற மறக்கக் கூடாது.

இனி எக்ஸ்போஷர். கூடுதலாக வெளிச்சம் வாங்கினால் நல்லது என்று தோன்றும். கொத்துகளில் அந்த ஆசை ஆகாது. விருச்சிகத்தின் வாலருகே எம்6 என்றொரு கொத்து இருக்கிறது. வண்ணத்துப்பூச்சி போன்ற அதன் வடிவத்தில் நீல நட்சத்திரங்களுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் பிஎம் ஸ்கார்ப்பியை என்ற ஒன்று. படத்தின் உயிரே அந்த ஒற்றை ஆரஞ்சுதான். எக்ஸ்போஷர் நீண்டால் பிக்சல்கள் நிரம்பி வழிந்து, நீலமும் ஆரஞ்சும் எல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும். அப்படிப் போன நிறத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. குறைந்த நேரப் படங்களாக நிறைய எடுத்து அடுக்குவதே வழி. நூறு படங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும், நிறம் கெடாது.

துருவ நட்சத்திரம் தாழ்ந்திருக்கிறதே என்று வருந்துபவர்கள் திரும்பித் தெற்கே பார்க்க வேண்டும். வடக்கே இழந்த உயரம் முழுதும் தெற்கே கிடைத்திருக்கிறது. நாம் எல்லோரும் கையில் வைத்திருக்கும் மெசியே பட்டியல் 18ஆம் நூற்றாண்டில் பாரிஸில் இருந்தவர் தயாரித்தது. வால்நட்சத்திரம் தேடும்போது குழப்பிய பொருள்களை அவர் குறித்துவைத்தார். அதில் மிகத் தெற்கே இருப்பது எம்7. பாரிஸில் அது ஏழு டிகிரி உயரம்கூட ஏறாது. மதுரையில் 45 டிகிரி. வானத்திலேயே மிகப் பிரகாசமான கோளக் கொத்தான ஒமேகா சென்டாரி அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. பாரிஸில் அது உதிப்பதே கிடையாது. 1677இல் வானியலாளர் ஹாலி தென் அட்லாண்டிக்கின் செயின்ட் ஹெலினா தீவுக்குப் போய்த்தான் அதைக் குறித்தார். ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்துக்கு இடம் தேர்ந்தபோது, நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் இரு பாதி வானங்களும் தெரியும் என்பதும் ஒரு காரணமாக இருந்தது. தொழில்முறை வானியலாளர்கள் போட்ட அந்தக் கணக்கை அமெச்சூர்கள் ஏனோ போடுவதில்லை.

ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் ஒமேகா சென்டாரியில் ஒரு கோடி நட்சத்திரங்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். சின்னஞ்சிறு எக்ஸ்போஷரிலேயே ரவையைக் குவித்ததுபோல் திரையில் வந்து நிற்கும். விளிம்பு கரடுமுரடாகவும், நடு இன்னும் பிரியாமலும். வேறொரு சிறு விண்மீன் மண்டலத்தை நம் பால்வீதி விழுங்கியபின் எஞ்சிய மையம் இது என்ற கருத்துக்கு இன்று வலுவான ஆதரவு உண்டு.

கண்டுபிடிக்க வரைபடம்கூட வேண்டாம். ஏப்ரல் நடுவில் நள்ளிரவை ஒட்டியும், மே நடுவில் பத்து, பத்தரை வாக்கிலும் சித்திரை நட்சத்திரம் தெற்கு நோக்கி உச்சத்தில் இருக்கும். அதற்கு நேர் கீழே 36 டிகிரி இறங்குங்கள். நீட்டிய கையின் மூடிய முஷ்டி பத்து டிகிரி என்று வைத்துக்கொண்டால் மூன்றரை முஷ்டி. கேமரா இல்லாவிட்டாலும் சாதாரண பைனாகுலரில் மங்கலான பஞ்சுருண்டையாகத் தெரியும். ஜூனில் பருவமேகம் திரளத் தொடங்கிவிடும், அதற்குள் பார்த்துவிடுங்கள்.