சுற்றாமல் கலக்கும் குழாய்

போன மாதம் பல்செட்டுக்கு அளவெடுக்கத் திருவள்ளூர் போயிருந்தேன். டாக்டர் கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. இரண்டு நிறப் பசை இரண்டு குப்பிகளிலிருந்து கிளம்பி, ஒரு சின்ன பிளாஸ்டிக் மூக்கு வழியாக ஒரே நிறமாக வெளியே வந்தது. மூக்குக்குள் திருகுபோல ஏதோ தெரிந்தது, ஆனால் சுற்றவில்லை. தூக்கிப் போட இருந்த மூக்கைக் கேட்டு வாங்கி, காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். டாக்டர் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் பேரன் திருவாலங்காட்டுக்கு வந்திருந்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் வேலை. மூக்கைக் காட்டினேன். "தாத்தா, இது ஸ்டாட்டிக் மிக்ஸர். எங்க பிளான்ட்ல இதே சமாச்சாரம் ஆறடி நீளத்துல இருக்கு" என்றான்.

பிளேடால் அதை நெடுக அறுத்துக் காட்டினான். உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னத் தகடுகள். ஒவ்வொன்றும் அரைச் சுற்று முறுக்கியது. ஒன்று வலப்பக்கம் முறுக்கியிருந்தால் அடுத்தது இடப்பக்கம்; அதன் விளிம்பு முன்னதற்குக் குறுக்கே நிற்கிறது. வருகிற திரவத்தை முதல் தகடு இரண்டாகப் பிளக்கிறது, அடுத்தது நான்காக, அதற்கடுத்தது எட்டாக. வீச்சுப் பரோட்டா மடிக்கிற கணக்குதான். பத்துத் தகட்டில் 1,024 அடுக்கு, பன்னிரண்டில் 4,096. கெட்டியான திரவத்துக்கு இப்படி. தண்ணீர்போல் ஓடுவது வேகமாகப் போனால் தகட்டில் மோதிச் சுழித்தே கலந்துவிடுமாம். நடுவில் ஓடுவது குழாய்ச் சுவருக்கும், சுவரோரம் ஓடுவது நடுவுக்கும் மாறி மாறி வருவதால் சூடும் சமமாகப் பரவுகிறது.

நம் மாவட்டத்திலேயே மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய கடல்நீர் நிலையம், நாளொன்றுக்குப் 10 கோடி லிட்டர் குடிநீர் தருவதற்காகக் கட்டியது. அத்தகைய நிலையங்களில் கடல்நீரோடு மருந்து கலக்க, ஓடுகிற குழாயிலேயே இந்தத் தகடுகளை வைப்பது வழக்கம். அவ்வளவு தண்ணீருக்குத் தொட்டி கட்டித் துடுப்புப் போட்டால் இடம் எங்கே, மின்சாரம் எங்கே?

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இதற்கு 'மெலான்ழர் ஸ்தாதீக்' என்று பெயர் இருக்கும் என ஊகித்தேன், சரியாகவே இருந்தது. (காரைக்கால் அம்மையாருக்குப் பிறகு அங்கிருந்து ஆலங்காட்டுக்கு வந்து தங்கியவர் நீங்கள்தான் என்பது மனைவியின் நிரந்தரக் கிண்டல்.) குழாய்க்குள் திருகுத் தகடு வைக்கும் யோசனைக்கு 1931-லேயே பிரான்சில் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் கெனிக்ஸ் கம்பெனி இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான்.

"தொட்டியில என்னடா குறை?" என்று கேட்டேன்.

"கிளாண்டு, தாத்தா."

அந்தச் சொல் என்னை உட்கார வைத்துவிட்டது. எண்பதுகளின் கடைசியில் ஒரு நஷ்டஈட்டுக் கோப்பு என் மேசைக்கு வந்தது. காரக் கரைசல் தெறித்து ஒரு தொழிலாளிக்கு ஒரு கண் போய்விட்டது. "கிளாண்டு பேக்கிங் முடுக்கும்போது, உத்தரவை வேண்டுமென்றே மீறியதால்" என்று நிர்வாகம் எழுதியிருந்தது. கிளாண்டு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. யாரையும் கேட்கவும் இல்லை. அந்த வரியை அப்படியே சுருக்கக் குறிப்பில் இறக்கி, கையெழுத்துக்கு அனுப்பினேன். ஆங்கிலம் எனக்கு மூன்றாவது மொழி. காப்பியடிப்பது பாதுகாப்பு என்று நினைத்த காலம். அந்த வரியைப் பிடித்துக்கொண்டே வழக்கு இரண்டு வருடம் இழுத்தது. அவர் மனைவி மஞ்சள் பையோடு எத்தனை முறை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

பையன் தாளில் படம் போட்டான். தொட்டியின் பக்கவாட்டில் துடுப்பின் தண்டு நுழைகிற இடத்தில் கயிறு மாதிரி ஒன்றை அடைத்து நட்டுப் போட்டு இறுக்குவார்கள். அதுதான் கிளாண்டு. தண்டு சுற்றச் சுற்றக் கயிறு தேய்ந்து ஒழுகும். ஒழுகினால் யாராவது குனிந்து முடுக்க வேண்டும். ஓட்டத்தை நிறுத்தினால் உற்பத்தி போச்சு. "நிறுத்தாம முடுக்குன்னு வாயால சொல்லுவாங்க, எழுத்துல வேற மாதிரி இருக்கும்" என்றான். முப்பத்தைந்து வருடம் கழித்து அந்தக் கோப்பு எனக்குப் புரிந்தது.

குழாயில் தண்டு இல்லை, ஆகவே இந்த ஒழுகல் இல்லை. அதற்காக எல்லாம் சுகம் என்று பையன் சொல்லவில்லை. தகடுகளைத் தாண்டித் தள்ளப் பம்பு கூடுதலாக உழைக்க வேண்டும், பம்புக்கும் சீல் உண்டு. நார், கட்டி வந்தால் அடைத்துக்கொள்ளும். ஒரு பம்பு ஒரு நொடி தடுமாறினால் அந்த நொடியின் சரக்கு கலக்காமலே போய்விடும். தொட்டியாக இருந்தால் அது சமன்பட்டுவிடும்.

"உங்க ஆலையில பழைய தொட்டி இருக்கா?"

"ரெண்டு இருக்கு."

"ஓடும்போது நட்டைத் தொடாதே."

"பெர்மிட் இல்லாம தொட முடியாது, தாத்தா."

"எழுத்துலயா, வாயாலயா?"

சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினான். பேசின் பிரிட்ஜில் வண்டி மாற வேண்டும், இரவு ஷிப்ட். அறுத்த மூக்கு இன்னும் என் மேசைமேல் இருக்கிறது.