நல்ல தண்ணீர்

தண்ணீரைத் தரம் பிரித்துப் பேசும் வழக்கம் நம் மக்களிடையே நெடுங்காலமாக உண்டு. குடிக்கவும், பருப்பு வேகவைக்கவும் உதவுவது ‘நல்ல தண்ணீர்’. ஏனையதெல்லாம் ‘உப்புத் தண்ணீர்’. இந்த உப்புத் தண்ணீரை நாவில் விட்டுப் பார்த்தால் பல வேளைகளில் உப்புக் கரிப்பதே இல்லை. பள்ளிப் பாடநூல் அதனைக் ‘கடினநீர்’ என்கிறது. அதில் மிகுந்திருப்பவை சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமுமே. ஆயினும் நம் இல்லத்தரசியர் இட்ட பெயரில் ஒரு நுட்பம் உண்டு. நீரின் நன்மையை அவர்கள் சுவையால் மட்டும் அளக்கவில்லை. வீட்டில் அது செய்யும் வேலையைக் கொண்டும் அளந்தார்கள்.

மண்ணச்சநல்லூரில் வாழும் எங்களுக்கு இவ்விரு வகை நீரும் நன்கு பழக்கமானவை. தெற்கே, முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிந்து வரும் கொள்ளிடம். வீட்டின் பின்புறம் ஆழ்துளைக் கிணறு. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லிய அமிலமாகிறது. அது நிலத்துள் இறங்கும்போது சுண்ணாம்பைக் கரைத்துக்கொள்கிறது. எங்களுக்குக் கிழக்கே, 1939-இல் சிமெண்ட் ஆலை எழுந்த டால்மியாபுரத்தில் வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக்கல், ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் பரவியிருந்த கடலின் எச்சம். எங்கள் ஊர் அந்தக் கடற்படுகைக்கு மேற்கே அமைந்தது. எனினும் இங்குள்ள பாறையிலும் மண்ணிலும் உள்ளதைக் கரைத்தெடுக்க மழைக்கு யுகக்கணக்கில் காலம் கிடைத்திருக்கிறது.

அவ்வாறு கரைந்தது எங்கள் இல்லங்களில் மீண்டும் கல்லாகிறது. வாளியின் விளிம்பில் வெள்ளைக் கோடு. குழாய் வாயில் பொருக்கு. கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தம்ளரில் திட்டுத் திட்டாய்ப் புள்ளிகள். சோப்பு நுரைக்க மறுத்துத் தயிர்போல் திரிகிறது. அந்தத் திரிவு வேட்டியில் படிந்து பழுப்பேற்றுகிறது. பருப்பு எவ்வளவு கொதித்தாலும் குழைவதில்லை. அதன் தோலையும் சதையையும் பிணைக்கும் பொருளைச் சுண்ணாம்புச் சத்து இறுக்கிவிடுவதே காரணம். ‘பருப்புக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஊற்று’ என்ற பாட்டியின் கட்டளைக்குள் இந்த வேதியியல் அடங்கியிருந்தது. சோப்பு தோற்கும் நீரிலும் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நுரைக்கும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். பொருக்குப் படிந்த பாத்திரத்தைப் புளி கொண்டு தேய்ப்பார். புளியின் அமிலத்தில் சுண்ணாம்பு கரைந்துபோகும்.

எங்கள் ஊர் அரிசி ஆலைகளுக்குப் பெயர் பெற்றது. நெல் அவிக்க நீராவி வேண்டும். நீராவிக்குக் கொதிகலன் வேண்டும். கடினநீரைக் காய்ச்சும் கொதிகலனின் உட்சுவரில் சுண்ணாம்புப் படலம் ஏறினால் வெப்பம் எளிதில் நீரைச் சேராது, எரிபொருள் வீணாகும். ஆகவே கொதிகலனுக்குள் விடுமுன் நீரை மென்மையாக்கிக்கொள்கிறார்கள். பிசின் மணிகள் நிறைந்த கலத்தின் வழியே நீரைச் செலுத்தினால், சுண்ணாம்புச் சத்தை அம்மணிகள் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. மணிகள் களைத்தபோது உப்புக் கரைசலால் கழுவினால் மீண்டும் வலிமை பெறுகின்றன. இரும்புக் கலத்துக்கு இத்தனை பரிவு காட்டத் தெரிந்த காலம் இது.

மனிதருக்கு என்ன செய்தோம்? இருபது லிட்டர் கேன் வந்தது. நீருக்கு விலை வந்தது. விலை வந்தவுடன் பல இல்லங்களின் அடுக்களையில் ஓர் எல்லைக்கோடும் வந்தது. கேன் தண்ணீர் வீட்டாருக்கும் விருந்தினருக்கும். பாத்திரம் துலக்க வரும் பெண்ணுக்கும் சிலிண்டர் சுமந்து வருபவருக்கும் குழாய்த் தண்ணீர். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எந்தத் தம்ளர் எங்கே இருக்கிறது என்பதே சொல்லிவிடும்.

எங்கள் வீட்டிலும் ஒரு கோடையில் இப்பேச்சு எழுந்தது. “கேன் ரெண்டு நாள்கூட வரமாட்டேங்குது. வேலைக்கு வர்றவங்களுக்குக் குழாய்த் தண்ணியக் குடுத்தா என்னம்மா?” என்றான் வீட்டின் இளையவன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். “அது குடிக்கிறதுக்கு ஆகும்னா நாமளும் குடிப்போம். ஆகாதுன்னா அவங்களுக்கு மட்டும் எப்படிப்பா ஆகும்?” என்றார், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடாமல் எங்களால் இருக்க முடியவில்லை.

நீரைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். கட்டணம் பெற்றுக்கொண்டு நீரை ஆய்ந்து சொல்லும் கூடங்கள் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் உண்டு. 2012-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை ஏற்புடையது. வேறு நீர் கிடைக்காதவிடத்து 600 வரை பொறுக்கலாம். எங்கள் நீர் இவ்விரு எல்லைகளுக்கும் இடையே நின்றது. ஏனைய அளவுகளும் வரம்பை மீறவில்லை. சிறுநீரகக் கல்லுக்குக் கடினநீரே காரணம் என்பது ஊரார் அச்சம். ஆய்வுகள் அதனை உறுதிசெய்யவில்லை. போதிய நீர் அருந்தாமையே அதனினும் தெளிவான காரணம். சுண்ணாம்பும் மக்னீசியமும் உடலுக்கு வேண்டியவையும் ஆகும்.

வீட்டிலேயே எதிர்ச்சவ்வூடு வடிப்பான் மாட்டிவிடலாம் என்றார் ஒரு நண்பர். அது ஒரு குடம் தருவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட குடங்களைச் சாக்கடைக்கு அனுப்புவது வழக்கம். கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைந்த நீருக்கு இக்கருவியைத் தடை செய்யுமாறு 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பணித்ததும் வீணாகும் நீரை எண்ணியே. நிலத்தடி நீர் ஆண்டுதோறும் கீழிறங்கும் ஊரில், எங்கள் ஒரு தம்ளருக்காக அடுத்த வீட்டுக் கிணற்றின் பங்கையும் கொட்டிவிட மனம் ஒப்பவில்லை.

ஆகவே எளிய வழியைத் தேர்ந்தோம். நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் மடியும். கடினத்தில் ஒரு பகுதி வெண்படலமாய் அடியில் தங்கும். ஆறிய பின் தெளிவை மட்டும் மண்பானையில் ஊற்றினால் குளிர்ச்சியும் சேரும். சல்பேட்டாகவும் குளோரைடாகவும் கலந்திருக்கும் கடினம் இதனால் நீங்காது. எனினும் குடிப்பதற்கு அது தடையன்று. கேன் நின்றது. ஒரே பானை, ஒரே தம்ளர் வரிசை. வீட்டாரும் வேலைக்கு வருவோரும் வழிப்போக்கரும் அதிலிருந்தே அருந்துகிறோம்.

நீரின் கடினத்தை அளக்க ஆய்வுக்கூடம் இருக்கிறது. நம்முடையதை அளக்க, வெயிலில் வந்து நம் வாசலில் நிற்பவருக்கு எந்தப் பானையிலிருந்து முகந்து கொடுக்கிறோம் என்று பார்த்தால் போதும்.