வீட்டுக்குள் தூங்கும் எஞ்சின்

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது எஞ்சின்தான். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து அதன்மேல் சாய்த்திருந்தார்கள். நீளமான இரும்பு வால் வாசற்படிவரை வந்து கிடந்தது; தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். யாரோ அதன்மேல் பள்ளிக்கூடச் சட்டையைக் காயப் போட்டிருந்தார்கள். “பாத்து வா தம்பி, காலை இடிச்சுக்காத” என்றார் வீட்டுக்காரர். “கூடத்துல பாதி அதுக்குத்தான். இத வெளிய விட்டா எனக்குத் தூக்கம் வராது.”

பழவேற்காட்டுக்கு நான் போனதற்குக் காரணம் என் இருசக்கர வண்டி. சென்னைப் புறநகரில் ஒரு நிறுத்தத்தில் பூட்டிவிட்டுப் போனது, திரும்பி வந்தபோது இல்லை. புகார் எழுதும்போது எஞ்சின் நம்பர் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. பத்து வருடம் ஓட்டிய வண்டி! அந்த வெட்கம் ஆறாமல், ஒரு எஞ்சினை நம்பியே அடுப்பு எரியும் வீடுகளில் அதை எப்படிக் காக்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றியது.

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்கு ஓரம் மட்டும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில். கரையில் வரிசையாகக் குப்பங்கள். டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டை இன்று புதர். அதன் பெயரில் கோட்டைக்குப்பம் மட்டும் மிச்சம்.

மாலையில் படகுகள் கரை சேர்வதைப் பார்த்தேன். மீனை இறக்கியதும் இரண்டு பேர் எஞ்சினைக் கழற்றி, கழியில் கயிறு மாட்டி, தோளில் தூக்கிக்கொண்டு மணலில் நடந்தார்கள். பின்னால் ஒரு பையன் டீசல் கேனும் துடுப்புமாக. படகு மட்டும் கரையில் தனியாக, ஒரு கயிற்றில். ஃபைபர் படகை யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள் என்ற நம்பிக்கை. விடியுமுன் இதே ஊர்வலம் எதிர்த்திசையில் போகும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, வருடம் முழுக்க. அவர்கள் தோள்பட்டையில் தோல் காய்த்துப்போயிருக்கிறது.

“சங்கிலி போட்டுப் பூட்டி வைக்கக் கூடாதாண்ணே?” என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் எழுந்துபோய் மாடத்திலிருந்து ஒரு பூட்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். துருவில் சாவித்துவாரமே தெரியவில்லை. “உப்புக் காத்துப்பா. திருடன் ஒடைக்கிறதுக்கு முன்னாடி நான் ஒடைக்கணும்.”

பழைய கட்டுமரத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. கட்டைகளைக் கயிற்றால் பிணைத்ததுதான் மரம். கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்து உலரப் போடுவார்கள். கயிறும் துடுப்பும் பாயும் வீட்டுக்குப் போய்விடும். மணலில் கிடப்பது நாலைந்து கட்டை. அதைத் திருடியவன் முதலில் மரம் கட்டத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவன் அநேகமாகப் பக்கத்துக் குப்பத்துக்காரன். அவனை ஊருக்கே தெரியும். காய வைப்பதற்காகச் செய்த வேலையே காவலாகவும் இருந்திருக்கிறது. இவ்வளவு நல்ல பூட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வலை விஷயம் வேறு. எஞ்சினைத் தூக்கி வரலாம், தண்ணீரில் விட்ட வலையைத் தூக்கி வர முடியாது. நண்டு வலையை மாலையில் விட்டுக் காலையில் எடுப்பார்கள்; ராத்திரி முழுக்க அது இருட்டில், ஆளில்லாமல். மீனை மட்டும் கழற்றிக்கொண்டு போகிறவன் உண்டு, வலையோடு அறுத்துக்கொண்டு போகிறவனும் உண்டு. வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவரிடம், களவு போன வலை திரும்பக் கிடைத்தால் எப்படி அடையாளம் சொல்வீர்கள் என்றேன். கால்விரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்த வலையை விடாமலே சொன்னார்: “என் முடிச்சு எனக்குத் தெரியாதா? பீத்தல் எங்க இருந்துச்சு, எந்தக் கலர் நூல்ல பொத்துனேன், எல்லாம் கையில இருக்கு.” பழைய ரப்பர் செருப்பை வெட்டி மிதவை கட்டியிருந்தார். அந்த நீலச் செருப்பு யாருடையது என்பதுகூட அவர் வீட்டில் எல்லோருக்கும் தெரியுமாம்.

கையால் பழுதுபார்த்த பொருளுக்குத் தானாகவே ஒரு முகம் வந்துவிடுகிறது.

இந்த ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. இறால் கிடைக்கும் இடங்களை, கழி நட்டுச் சுத்துவலை கட்டுவதற்காக, முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களின் தலைக்கட்டுகளுக்கு அந்த உரிமை. மீன்வள ஆய்வாளர்கள் பலர் வந்து இதை எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பார்த்தது சண்டையில்லாமல் மீன் பிடிக்கும் வழியை. எனக்கு அது காவலாகவும் தெரிந்தது. இன்றைக்கு இந்த இடத்தில் யார் வலை நிற்கிறது என்று மூன்று ஊருக்கும் தெரியும்போது, அங்கே வேறொரு படகு ஒதுங்கினாலே கேள்வி எழும். தப்பு செய்தவனை ஊர்ப் பஞ்சாயத்து கூப்பிடும். அபராதத்தைவிட அந்தக் கூப்பிடுதல்தான் பயம்.

பாடு முறையில் இடமில்லாதவர்களுக்கு அதுவே சாத்திய கதவு. அந்த மனத்தாங்கல் இந்த ஏரியில் பழையது, நியாயமானதும்கூட. முழங்கால் தண்ணீரில் தவழ்ந்து, ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, வெறுங்கையால் சேற்றைத் தடவி இறால் எடுக்கும் இருளர் பெண்களுக்குப் பூட்டும் வேண்டாம், பஞ்சாயத்தும் வேண்டாம். திருட அவர்களிடம் என்ன இருக்கிறது?

மறுபடி எஞ்சினுக்கு வருகிறேன். ஊரார் கண்ணும் கைமுடிச்சும் எஞ்சினிடம் தோற்றுப்போகின்றன. ஒரே கம்பெனி, ஒரே நிறம், ஒரே வால். குப்பத்தைத் தாண்டி ஒரு குட்டியானையில் ஏற்றிவிட்டால் அது யாருடையதாகவும் ஆகலாம். படகுக்கு உடம்பில் பெரிதாகப் பதிவு எண் எழுதியிருக்கிறது. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்க வந்தவர்கள் ‘குபேர்’ என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் வந்தார்கள். அதன் பிறகே படகுப் பதிவும் மீனவர் அடையாள அட்டையும் தீவிரமாயின. ஆனால் கழற்றிய எஞ்சின் படகின் எண்ணைச் சுமந்துகொண்டு போவதில்லை. அதன் அடையாளம் அதன் உடம்பில் பொறித்த சின்ன எண் மட்டும்தான். கிரீஸும் உப்பும் அதை முதலில் மறைக்கின்றன.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 303ஆம் பிரிவு திருட்டுக்கு. மூன்றாண்டு வரை சிறை. சட்டம் இருக்கிறது. போலீஸ் எங்கோ ஒரு எஞ்சினைப் பிடித்தாலும், அது என்னுடையது என்று காட்ட எண் வேண்டுமே.

தெற்கே கோடியக்கரைக் கடலில் கதை இன்னும் கொடுமை. கடந்த சில ஆண்டுகளாக நாகப்பட்டினம் மாவட்ட மீனவர்களை நடுக்கடலில் மறித்து, அடித்து, எஞ்சின், வலை, ஜிபிஎஸ், வாக்கி டாக்கி என்று பறித்துக்கொண்டு போகிறார்கள் இலங்கைப் பக்கத்துக் கடற்கொள்ளையர்கள். அங்கே தோளில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவரும் வித்தை பலிக்காது. பழவேற்காட்டுக்காரர்கள் இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு, ஏரி நம்மைக் காப்பாற்றுது என்கிறார்கள்.

கிளம்பும்போது வீட்டுக்காரரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், எஞ்சின் நம்பர் தெரியுமா என்று. அவர் சிரித்துக்கொண்டே மாதக் காலண்டரைத் தூக்கிக் காட்டினார். பின்னால் சுவரில், படகுக்கு அடித்த அதே பச்சைப் பெயின்டில், ஆளுயரத்துக்கு மேலே எழுதியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வீட்டுக்குள் ஏறியபோது எஞ்சின் வாங்கிய பில் கூழாகிவிட்டதாம். தண்ணீர் எட்டிய கோட்டுக்கு மேலே எழுதியிருக்கிறார். படகோ வண்டியோ தையல் மிஷினோ வைத்திருப்பவர்கள், இதைப் படித்து முடித்ததும் போய் அதன் எண்ணைத் துடைத்துப் பார்த்து, கைபேசியில் ஒரு படம் எடுத்து, சுவரில் ஒரு வரியும் எழுதி வையுங்கள். கடலோரத்தில் சந்தேகமாக எதைக் கண்டாலும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093.